குழப்படிக்காரப் பிள்ளையும் நித்திரையும்



ஆடி மாதத்து இரவு, ஒன்பது மணி. வேலணையிலே ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். வெளியே சோளகக் காற்றிலே பனங்கூடல் இரைகின்றது. அயல் வீடுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. இந்த வீட்டில் மட்டும் இரண்டரை வயதுப் பையன் ஒருவன் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். பாயிலே கிடத்தினால் எழுந்து உட்காருகிறான். உட்கார வைத்தால் ஓடுகிறான். தண்ணீர் வேண்டும் என்கிறான். கொடுத்தால் ஒரு மிடறு குடித்துவிட்டு மிகுதியைத் தலையணையில் ஊற்றுகிறான். அப்பப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய் அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறான். தாயோ விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தவள். கிணற்றில் நீர் அள்ளி, முற்றம் கூட்டி, சமைத்து, ஆட்டுக்குக் குழை கட்டி, இப்பொழுதுதான் இடுப்பைச் சாய்க்க வந்தவள். நாளையும் ஐந்து மணிக்கே எழ வேண்டியவள். பொறுமையின் எல்லை கடந்து அவள் கை ஓங்குகின்றது.

அந்தக் கை கீழே இறங்குமுன் நாம் சிறிது நேரம் சிந்திப்போம். இன்றைய பேச்சு அதற்காகவே.

யாழ்ப்பாணத்துத் தமிழிலே சிறுவர் குறும்புக்குக் ‘குழப்படி’ என்று பெயர். ஒழுங்காக உள்ளதைக் குழப்புவதே குழப்படி. நன்றாக ஆராய்ந்தால், ஒன்றரை வயது தொடக்கம் மூன்று வயது வரையான பிள்ளைக்கு அதுவே தொழிலும் கல்வியும் என்பது விளங்கும். நேற்றுவரை பிறர் தூக்கிச் சென்ற இடமே அவனுக்கு உலகம். இன்று தன் காலால் தான் விரும்பிய இடத்துக்குப் போகிறான். நேற்றுவரை அழுகையே மொழி. இன்று ‘மாட்டேன்’ என்னும் அரிய சொல் ஒன்று அகப்பட்டிருக்கிறது. புதிதாகக் கிடைத்த காலையும் சொல்லையும் பயன்படுத்திப் பார்க்காத பிள்ளை உண்டோ? அவனுக்கு நித்திரை ஓர் இன்பமன்று, ஒரு பிரிவு. விளையாட்டை, வெளிச்சத்தை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயைப் பிரிந்து இருளுக்குள் போகவேண்டிய பயணம் அது. ஆகவே அவன் எதிர்ப்பது தாயை அன்று, அந்தப் பிரிவையே.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தின் பருவ வரிசையைப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவங்கள் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவானவை. அவற்றின்பின் ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன வரும். தாலாட்டுக்கு உரிய தாற்பருவம் மூன்றாவதாகவே வந்துவிடுகின்றது என்பதைக் கவனியுங்கள். தளர்நடை நடந்து வரும் வருகைப் பருவமும், நிலவைப் பிடித்துத் தா என்று அடம்பிடிக்கும் அம்புலிப் பருவமும், பிறர் கட்டிய மணல் வீட்டைக் காலால் அழிக்கும் சிற்றிற் பருவமும் அதன் பின்னரே வருகின்றன. தொட்டிலிற் கிடக்கும் குழந்தைக்குப் பாட்டுப் போதும். எழுந்து நடக்கும் குழந்தைக்குப் பாட்டு மட்டும் போதாது என்பது இவ்வரிசை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும். ஏழாம் மாதத்தில் பலித்த உபாயம் முப்பதாம் மாதத்தில் பலிக்கவில்லையே என்று தாய் வருந்துவதில் பயனில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டது, உபாயமும் வளர வேண்டும்.

அதற்கு முதலில், நித்திரை எப்படி வருகின்றது என்பதை அறிய வேண்டும். 1982ஆம் ஆண்டிலே அலெக்சாண்டர் போர்பெலி என்னும் சுவிற்சர்லாந்து ஆராய்ச்சியாளர் இதனை இரண்டு விசைகளின் கூட்டாக விளக்கினார். முதலாவது விசை, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட உடம்பிலே சேர்ந்துகொண்டுவரும் நித்திரைத் தேவை. தீவுப்பகுதிக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் இறைத்து வற்றிய கிணற்றிலே பகல் முழுவதும் நீர் ஊறுகின்றது. மாலையில் வேண்டிய அளவு நிறைந்துவிடுகின்றது. நித்திரையும் அப்படியே ஊறி நிறைகின்றது. பின்னேரம் ஐந்து மணிக்கு ஒருவர் வந்து பத்து வாளி அள்ளிவிட்டால் இரவுக்கு நீர் போதுமா? பின்னேரம் ஐந்து மணிக்குத் தூங்கி எழுந்த பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு நித்திரை கொள்ளாமைக்குக் காரணம் இதுவே.

இரண்டாவது விசை, மூளையின் அடிப்பாகத்தில் அமைந்த உடற்கடிகாரம். அது பகலையும் இரவையும் ஒட்டி ஓடுவது; ஒவ்வொரு மாலையும் ஏறத்தாழ ஒரே வேளையில் நித்திரைக்கு வாயில் திறப்பது. குறிகட்டுவான் துறையிலே நயினாதீவுப் படகைத் தவறவிட்டவர் அடுத்த படகு வரும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்? அந்த வாயிலைத் தவறவிட்ட பிள்ளையின் நிலையும் அதுவே. ‘களைத்து விழட்டும், பிறகு படுக்க வைப்போம்’ என்று காத்திருக்கும் தாய் அடுத்த படகுக்குக் காத்திருக்கிறாள். அளவு மீறிக் களைத்த பிள்ளையின் உடம்பு விழித்திருப்பதற்கான சுரப்புகளைச் சுரந்து தன்னைத் தானே தூண்டிக்கொள்கின்றது. வளர்ந்தவர் களைத்தால் சோர்வர். சிறுபிள்ளை களைத்தால் துள்ளும், காரணமின்றிச் சிரிக்கும், அடுத்த கணமே அழும். ஒன்பது மணிக் குழப்படியிற் பெரும்பகுதி எட்டு மணிக் களைப்பேயாகும். கண்ணைக் கசக்குதல், காதைப் பிடித்து இழுத்தல், விளையாட்டை விட்டு ஒரு திசையை வெறித்துப் பார்த்தல் ஆகிய இவை படகு துறைக்கு வந்துவிட்டதற்கான அடையாளங்கள். அப்பொழுதே ஏற்றிவிட வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு எத்துணை நித்திரை வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒன்று தொடக்கம் இரண்டு வயது வரையான பிள்ளைக்குப் பகல் நித்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணிநேரமும், மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணிநேரமும் வேண்டும். இங்கே ‘பகல் நித்திரையும் சேர்த்து’ என்பது முக்கியம். பகலில் மூன்று மணிநேரம் தூங்கிய இரண்டு வயதுப் பிள்ளை இரவில் ஒன்பது மணிநேரம் தூங்கினால் கணக்கு நிறைவுதான். அப்பிள்ளையை மாலை ஏழு மணிக்குப் பாயில் கிடத்திக் காலை ஏழு மணிவரை எழும்பாதே என்று கேட்பது நியாயமன்று. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றே கால் வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் இரண்டு பகல் நித்திரைகளை ஒன்றாகக் குறைத்துக்கொள்கின்றன. அந்த ஒன்றை மதிய உணவின்பின் கொள்ளச் செய்து, மூன்று மணியளவில் எழுப்பிவிடுவது நன்று. எழுப்பும்போது சிறிது சிணுங்கும். அந்தச் சிணுங்கல் இரவுக்கு இடும் முதல்.

இனி ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருள் சூழத் தொடங்கியதும் மூளையிலே மெலற்றோனின் என்னும் சுரப்பு ஊறுகின்றது. 1958ஆம் ஆண்டிலே ஏரன் லேர்னர் என்னும் அமெரிக்க வைத்தியர் இதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். இஃது உடம்புக்கு ‘இரவு வந்துவிட்டது’ என்று அறிவிக்கும் பறைபோன்றது. ஒளி பட்டால் அப்பறை ஓய்ந்துவிடும். சிறு பிள்ளைகளின் கண்ணோ ஒளிக்கு மிகவும் இளகியது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் மூன்று முதல் ஐந்து வயது வரையான பத்துப் பிள்ளைகளை, படுக்கைக்கு முந்திய ஒரு மணிநேரம் ஒளி மிகுந்த மேசையொன்றில் விளையாட விட்டனர். அப்போது அவர்களுடைய மெலற்றோனின் ஏறத்தாழ 88 வீதம் குறைந்தது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் கழிந்த பின்னரும் பெரும்பாலானோரிடம் அது பழைய நிலைக்கு மீளவில்லை.

அரிக்கன் லாம்பின் மஞ்சள் வெளிச்சத்தில் வளர்ந்த முதியோர், ‘எங்கள் காலத்துப் பிள்ளைகள் ஏழு மணிக்கே நித்திரையாகிவிடும்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது வெறும் பெருமைப் பேச்சன்று. அன்று சூரியன் மறைந்தால் வீடு மங்கிவிடும். பிள்ளையின் உடம்புக்கு வேறு அறிவித்தல் வேண்டியிருக்கவில்லை. இன்று கூரையில் வெண்ணிற மின்விளக்கு எரிகின்றது. பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கைத்தொலைபேசியின் திரை ஒளிர்கின்றது. உணவூட்டுவதற்காக அத்திரையைக் கொடுக்கும் தாயை நான் குறை கூறவில்லை. அவளுடைய இரு கைகளுக்கும் வேலை இருக்கிறது. ஆயினும் மாலை ஏழு மணிக்குப் பின் கொடுத்த திரை, ஒன்பது மணிக்கு வட்டியுடன் தன் கடனைக் கேட்கும் என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும்.

வேலணையிலே ஆண்டு முழுவதும் சூரியன் மறையும் நேரம் மாலை 5.45 மணிக்கும் 6.45 மணிக்கும் இடையிலேயே அமைந்துவிடுகின்றது. நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேற்றுமை ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலே. 1990ஆம் ஆண்டுக்குப் பின் போரினால் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து, பலர் கடல் கடந்தும் குடியேறினர். அவ்வாறு இலண்டனில் வாழும் குடும்பமொன்றுக்கு ஆனி மாதத்திலே சூரியன் இரவு 9.20 மணியளவிலேதான் மறைகின்றது. ஒஸ்லோ நகரிலோ 10.40 மணிக்கும் பிந்திவிடுகின்றது. ‘சூரியன் நித்திரை கொள்ளவில்லையே, நான் ஏன் கொள்ள வேண்டும்?’ என்று அங்குள்ள பேரப்பிள்ளை கேட்டால் அந்தக் கேள்வி குழப்படி அன்று, சிறந்த வானசாஸ்திரம். அங்கே யன்னலுக்குத் தடித்த திரை தொங்கவிட்டு இருளைச் செய்துகொள்ள வேண்டும். இங்கே இருள் தானாக வருகின்றது. அதனை நாம் கெடுக்காதிருந்தாற் போதும்.

அடுத்ததாக, நள்ளிரவில் விழித்து அழும் பிள்ளையைப் பற்றிய முறைப்பாடு. நித்திரை ஒரே சீரான ஆழமுடையதன்று. 1953ஆம் ஆண்டிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைற்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் வேளைகள் ஓர் ஒழுங்கில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு வெளியிட்டனர். ஆழ்ந்த நித்திரையும் இலேசான நித்திரையும் இவ்வாறு மாறி மாறி வருகின்றன. வளர்ந்தவர்களுக்கு இச்சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50, 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை ஒரு கணம் அரைவிழிப்பு நிலைக்கு வருகின்றது. நாமும் வருகிறோம், தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறந்துவிடுகிறோம். பிள்ளையோ, தான் நித்திரையான வேளையில் இருந்தவை இப்பொழுதும் இருக்கின்றனவா என்று பார்க்கின்றது. தோளில் கிடந்து நித்திரையான பிள்ளை தோளைத் தேடும். ஏணையில் ஆடி நித்திரையான பிள்ளை ஆட்டத்தைத் தேடும். விளையாட்டுப் போக்கிலே திண்ணையில் நித்திரையானவர் வேற்று வீட்டுக் கட்டிலில் விழித்தால் திடுக்கிட மாட்டாரா? ஆகவே, பிள்ளை கண் சொக்கும்போதே, முற்றாக நித்திரையாகுமுன், இரவு முழுவதும் எங்கே கிடக்குமோ அந்தப் பாயிலேயே கிடத்திப் பழக்குவது நன்று. தாய் அருகே இருக்கலாம், முதுகைத் தடவலாம். கடைசி அடியை மட்டும் பிள்ளை தானே எடுத்து வைக்கட்டும்.

ஏணையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சேலையிற் கட்டிய ஏணை கைக்குழந்தைக்கு உகந்த இடமாக இருந்திருக்கலாம். ஆனால் எழுந்து நிற்கவும் திரும்பவும் தெரிந்த பிள்ளை அதற்குள் சுழன்றால் சேலை முறுகிக் கழுத்தைச் சுற்றும். இதனால் உயிரிழந்த பிள்ளைகளைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியிருக்கின்றன. எழுந்து நிற்கப் பழகும் நாளே ஏணையை அவிழ்க்கும் நாள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மல்லாக்காகக் கிடத்துவதும், முகத்தருகே மெத்தென்ற தலையணைகளை வையாதிருப்பதும் இன்றைய வைத்தியர் அனைவரும் வற்புறுத்தும் விதிகள்.

இனி, அன்றாடம் செய்யத் தக்கது யாது? 2009ஆம் ஆண்டிலே ஜோடி மின்டெல் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் ஏழு மாதம் தொடக்கம் மூன்று வயது வரையான பிள்ளைகளையுடைய 405 தாய்மாரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தனர். முதலாவது வாரம் வழக்கம்போலக் கழிந்தது. பின்னர் இரண்டு வாரம், ஒரு பகுதித் தாய்மார் ஒவ்வோர் இரவும் ஒரே வரிசையைப் பின்பற்றினர்: குளிப்பாட்டுதல், உடம்பை மெல்லத் தடவி விடுதல், அமைதியாக அணைத்திருத்தல் அல்லது பாடுதல், முப்பது நிமிடத்துக்குள் விளக்கணைத்தல். அவ்வளவே. அப்பிள்ளைகள் விரைவில் நித்திரையாயின. இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனச்சோர்வும் தணிந்தது. இந்தப் பயன் மருந்தினால் வந்ததன்று, வரிசையினால் வந்தது. சிறு பிள்ளைக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் செயல்களே அதற்கு மணிக்கூடு.

வேலணை வீட்டுக்கு இவ்வரிசை புதியதாகவே இராது. விளக்கு வைக்கும் நேரத்தில் கைகால் முகம் கழுவி விடுங்கள். சுவாமி படத்துக்கு முன் இருத்தி ஒரு தேவாரம் பாடுங்கள். வேறு சமயத்தார் தம் முறைப்படி செபம் சொல்லட்டும். ஏழு மணிக்கு முன் இடியப்பமோ புட்டோ இளஞ்சூடாகக் கொடுங்கள். ஏழரை மணிக்குப் பெரிய விளக்கை அணைத்துச் சிறு விளக்கு ஒன்றை வையுங்கள். பிறகு மூத்திரம் கழிக்க விட்டு, ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து, பாயை விரித்து, ஒரே ஒரு கதை. கதை புதியதாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. நேற்றைய நரியே இன்றும் வரலாம். அதே இடத்தில் அதே சொல் வரும் என்று தெரிவதே பிள்ளைக்கு ஆறுதல். எட்டு மணியளவில் விளக்கு அணையட்டும். எட்டு மணிதான் எல்லா வீட்டுக்கும் விதி என்பதன்று. 17 நாடுகளிலும் பிரதேசங்களிலும் 29,287 குடும்பங்களை வினவி 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலே, பிள்ளைகள் படுக்கைக்குப் போகும் சராசரி நேரம் நியூசிலாந்தில் ஏறத்தாழ ஏழரை மணியும் ஹொங்கொங்கில் 10.17 மணியுமாக இருந்தது. உங்கள் வீட்டுக்கு ஏற்ற நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் தெரிந்த நேரத்தை நாளுக்கு நாள் மாற்றாதீர்கள்.

இத்தனையும் செய்த பின்னரும் எழுந்து ஓடுகிறானே என்கிறீர்களா? ஓடுவான். முதற் சில இரவுகள் முன்னிலும் அதிகமாகவே ஓடுவான். பழைய ஆட்டம் இன்னும் செல்லுமா என்று பரீட்சித்துப் பார்க்கிறான். அவனைத் துரத்தினால் அது விளையாட்டு. ஏசினால் அது கூத்து. இரண்டும் அவனுக்கு விருந்து. சிரியாமலும் சினவாமலும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து, ‘இப்போது நித்திரை நேரம்’ என்ற அதே மூன்று சொற்களைச் சொல்லிப் படுக்க வையுங்கள். பத்து முறை எழுந்தால் பத்து முறையும் அப்படியே. எந்தப் பாய், எந்தப் போர்வை, நரிக்கதையா முயற்கதையா என்று தெரிவுசெய்யும் உரிமையை அவனுக்குக் கொடுங்கள். படுப்பதா இல்லையா என்ற உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு இடமில்லாதபடி கேள்வியை அமைப்பதே பெற்றோரின் சாமர்த்தியம்.

செய்யத் தகாதவை இரண்டு உள. ஒன்று, பயமுறுத்துதல். ‘பூச்சாண்டி வருகிறான், பேய் வருகிறது, பொலிசுக்காரர் பிடித்துக்கொண்டு போவார்’ என்று சொல்லிக் கண்ணை மூடவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கண் மூடும், மனம் மூடாது. பிள்ளை ஏற்கெனவே இருளுக்குப் பயந்தது. அந்த இருளுக்குள் பேயையும் குடிவைத்தால் நடுச்சாமத்தில் அலறி எழும்பும். பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடியபோது அப்பூச்சி காட்டும் விளையாட்டையும் பாடினார். அங்கே பூச்சி காட்டி வெருட்டுபவன் பிள்ளை, வெருளுபவர் பெரியோர். அந்த முறையே சரியான முறை! அடியும் பயத்தின் இனமே. அடிபட்டு விம்மி விம்மிக் களைத்து நித்திரையாகும் பிள்ளை, ‘பாய் என்பது அடிவிழும் இடம்’ என்ற பாடத்தையே கற்கின்றது. நாளைக்குப் பாயைக் கண்டதும் ஓடும்.

மற்றொன்று, மருந்து. இதை நான் மென்மையாகச் சொல்ல மாட்டேன். தடிமனுக்குக் கொடுத்த பாணிமருந்து நித்திரையைத் தந்தது என்று கண்டு, தடிமன் இல்லாத இரவிலும் ஒரு கரண்டி ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது பெரும் பிழை. புரோமெதசின் என்னும் ஒவ்வாமை மருந்து இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் மூச்சை அடக்கி உயிரைக் கொள்ளக்கூடும் என்பதனால், அவர்களுக்கு அதனைக் கொடுக்கலாகாது என்ற கடும் எச்சரிக்கையை அமெரிக்க அரசு 2004ஆம் ஆண்டில் அதன் உறையிலேயே பொறிக்கச் செய்தது. இந்தக் கதை பழையது. 1849ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்காவில் விற்கப்பட்ட திருமதி வின்ஸ்லோவின் அமைதிப் பாகு என்னும் பானத்தில் இருந்தது மோர்பின். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1911ஆம் ஆண்டில் அதனைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையிலே சேர்த்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த தாய்மார், பார்க்க ஆளில்லாத குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டு வேலைக்குப் போன துயரமும் நம் அயலிலேயே நடந்தது. அத்தாய்மார் கொடியவர் அல்லர். கைகொடுக்க ஒருவரும் இல்லாதவர். வெளிநாடுகளிலே மெலற்றோனின் மாத்திரை இனிப்புப் பண்டம்போல விற்கப்படுகின்றது. அமெரிக்க நச்சுத் தகவல் நிலையங்களுக்கு, பிள்ளைகள் அதனை விழுங்கியது பற்றி 2012ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8,300 அறிவித்தல்கள் வந்தன. 2021ஆம் ஆண்டில் அத்தொகை 52,500ஐத் தாண்டியது. வைத்தியர் சொல்லாமல் நித்திரைக்கென எந்த மருந்தும் பிள்ளையின் நாவிற் படலாகாது.

மாறாக, உண்மையான நோய் நித்திரையைக் கெடுக்கும் சமயமும் உண்டு. குதத்தில் சொறிந்துகொண்டு இரவில் புரளும் பிள்ளைக்குக் கீரிப்பூச்சி இருக்கலாம். அப்புழு இரவிலேயே வெளிவந்து முட்டையிடும். படுத்ததும் அழுது காதைப் பிடிக்கும் பிள்ளைக்குக் காதுக்குத்து இருக்கலாம். உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சுத் தடைப்படும் பிள்ளைக்குத் தொண்டைச் சதை வீங்கியிருக்கலாம். இரவில் இருமி முட்டு இழுக்கும் பிள்ளையும், வெளிறிப்போய்க் கால்களை ஓயாமல் உதறும் இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையும் வைத்தியரிடம் போக வேண்டியவர்கள். ஐயம் இருந்தால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலிற் சொல்லுங்கள்.

இவையெல்லாம் பிள்ளையைப் பற்றியவை. இனித் தாயைப் பற்றி ஒரு வார்த்தை. முற்காலத்து வேலணை வீடொன்றிலே மாலை வேளையில் எத்தனை கைகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். பெத்தாச்சி மடியில் கிடத்திக் கதை சொல்வாள், சின்னம்மா உணவூட்டுவாள், அப்பு தோளிற் போட்டு முற்றத்தில் உலாவுவார். பிள்ளையை நித்திரையாக்குவது ஒருத்தியின் வேலையாக என்றும் இருந்ததில்லை. இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அந்தக் கைகளைப் பல நாடுகளிலே சிதற வைத்துவிட்டன. வேலையோ குறையவில்லை, ஐந்து பேர் செய்த வேலையை ஒருத்தி செய்கிறாள், முடியாதபோது தன்னையே பிழையானவள் என்று நினைத்து அழுகிறாள். அவள் பிழையானவள் அல்லள், தனித்தவள்.

ஆகையால் வீட்டிலுள்ள ஆடவருக்கு ஒரு விண்ணப்பம். வாரத்தில் இரண்டு இரவாயினும் அந்த வரிசையை நீங்கள் நடத்துங்கள். முதல் இரவில் பிள்ளை ‘அம்மா’ என்று அழும். மூன்றாம் இரவில் நீங்கள் சொல்லும் நரிக்கதையைக் கேட்கும். வெளிநாட்டிலிருக்கும் தகப்பனுக்கும் ஒரு சொல். கோடை காலத்தில் ரொறொன்ரோவில் முற்பகல் பதினொன்றரை மணியாகும்போது வேலணையில் இரவு ஒன்பது மணி. வேலையின் இடையே கிடைத்த ஓய்விலே பிள்ளையின் முகம் காண நீங்கள் ஆசையோடு அழைக்கிறீர்கள். பாயிலே கண் சொக்கிய பிள்ளை துள்ளி எழும்புகின்றது. தொலைபேசி ஓய்ந்தபின் அதனை மீண்டும் நித்திரையாக்க அவள் பதினொரு மணிவரை போராடுகிறாள். உங்கள் இரவு ஒன்பதரை மணிக்கு அழையுங்கள். இங்கே அப்போது காலை ஏழு மணி. நித்திரை முறிந்து எழுந்த பிள்ளையின் புதிய முகத்தைக் காண்பீர்கள்.

நாம் தொடங்கிய வீட்டுக்குத் திரும்புவோம். தாயின் கை இன்னும் ஓங்கியபடியே நிற்கிறது. கையை இறக்கி அவன் முதுகில் வைக்கட்டும். இன்றைய இரவு போனது போகட்டும். தவறிய படகை எண்ணிப் பயனில்லை. நாளை மூன்று மணிக்கு அவனை எழுப்பட்டும்; ஏழரை மணிக்கு விளக்கைச் சுருக்கட்டும். அப்பப்பா ஒரு கதையைத் தயாராக வைத்திருக்கட்டும். மூக்குக் கண்ணாடியை எட்டாத உயரத்திலும் வைத்திருக்கட்டும். இரண்டு வாரம் தளராது செய்யட்டும். இவன் அதன்பின்னும் குழப்படிக்காரனாகவே இருப்பான். அதை எந்த விஞ்ஞானமும் மாற்றாது, மாற்றவும் வேண்டாம். பகலிலே குழப்படி செய்து இரவிலே நித்திரை கொள்ளும் பிள்ளையும், அதன் அருகே அச்சமின்றிக் கண் மூடும் தாயும் இருக்கும் வீட்டில் குறை ஒன்றும் இல்லை.